ஒரு டெஸ்ட், பதினெட்டு ரன்

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் யார் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் யாராயிருந்தாலும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஆனால் அந்த மனையில் வீடு கட்டும் எண்ணம் மட்டும் அவருக்கு வரவே கூடாது. இது என் ஒருவனுடைய பிரார்த்தனை அல்ல. விடுமுறை நாட்களில் மாலை நாலரை மணிக்கு அங்கே கூடும் பதினைந்து இருபது பையன்களுடைய பிரார்த்தனையும் இதுதான்.

அங்கேதான் எங்கள் தெருக் கிரிக்கெட் நடக்கிறது. குச்சிகளுக்குப் பதில் நாலு செங்கல். ஒரு டென்னிஸ் பந்து. ஒரே ஒரு மட்டை. மட்டை யாருடையதோ அவன்தான் காப்டன். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே உலகெங்கும் அமுலில் இருக்கிறது. பின்னால் இதைப் பற்றி மறுபடியும் பேச வேண்டி வரும். வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மனையில் ஒரு அநீதி நடந்தது. பத்துப் பதினோரு வயதுப் பையன் ஒருவன். ஒல்லியாக, முழங்காலுக்குக் கீழே தொங்கும் அரைநிஜாருடன் இருப்பான். அவன் நாலரை மணியிலிருந்து பந்து போட்டுக் கொண்டே இருந்தான். நன்றாகவும் போட்டான். இரண்டு பேரைச் செங்கல் சரியச் சரிய அவுட்டாக்கினான். அவன் மட்டை பிடிக்க வேண்டிய முறை வந்தபோது மணி ஆறே முக்கால். மட்டைக்காரப் பையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். "இருட்டிடுச்சுடா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி, மட்டையைத் தோளில் சார்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பந்து போட்ட பையன் அழவில்லை. செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினான். அதைப் பார்த்தபோது அழுதிருந்தால் தேவலையே என்று எனக்குத் தோன்றிற்று.

எங்கள் அடுத்த வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கிரிக்கெட்டில் அவருக்குத் தெரியாதது இல்லை. டெஸ்ட் ஆட்டக்காரர்களின் கணக்கையெல்லாம் ரயில் கால அட்டவணையைப் போல மனப்பாடமாகச் சொல்லுவார். அவர் திண்ணையிலிருந்து பையனைக் கூப்பிட்டார்.

"இங்க வாடா தம்பி. நீ பௌலர். பௌலருக்குக் கணக்குப் புஸ்தகத்துல ரெண்டு வரி உண்டு. ஒண்ணு எத்தனை விக்கெட் எடுத்தான்னு. இன்னொண்ணு எத்தனை ரன் அடிச்சான்னு. அந்த ரெண்டாவது வரியை யாரும் படிக்கறதில்லை. அதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போடுவாங்களா?"

பையன் சற்று யோசித்தான். "யாரும் படிக்க மாட்டாங்கன்னா எதுக்குத் தாத்தா எழுதி வெச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அன்று இரவு முழுவதும் மனத்தில் போட்டு உருட்டிக் கொண்டிருந்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பெரியவர் சொன்னது ஒருவகையில் வாஸ்தவம்தான். பந்து வீசுகிறவர் மட்டை பிடிப்பதை ரசிகர்கள் வேடிக்கையாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். மைசூர் சந்திரசேகரை எடுத்துக் கொள்ளுங்கள். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது கையை வைத்துக் கொண்டே உலகத்து மட்டைக்காரர்களையெல்லாம் திணற அடித்த மகா சமர்த்தர். 1971-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு முதல் தொடர் வெற்றியைத் தேடிக் கொடுத்தவர். 58 டெஸ்டுகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 242. அடித்த ரன்களோ 167! விக்கெட்டைவிட ரன் குறைவு. அவர் மட்டையுடன் உள்ளே போனால், அடுத்த இன்னிங்ஸுக்கு எதிரணி தயாராக ஆரம்பித்துவிடும்.

நம் ஊர்க்காரரான ரங்காச்சாரி, செங்கற்பட்டுச் சீமையில் மாமண்டூரில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர். நாலு டெஸ்ட் ஆடினார். 1948-ல் டில்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். நாலு டெஸ்டிலும் சேர்த்து அவர் அடித்தது 8 ரன். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்தார். 748 ரன் சேர்த்தார். சராசரி பன்னிரண்டுக்கும் கீழே.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்திலும் பந்து எறிகிறவர் தம் முறை வரும்போது மட்டை பிடித்தாக வேண்டியிருந்தது. பெரும்பாலும் பிடிக்கத் தெரியாமல் திரும்பி வந்தார்கள். பார்த்துப் பார்த்து அலுத்து, எறிகிறவருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிக்கலாம் என்று 1973-ல் ஒரு லீகில் விதி செய்தார்கள். 2022 முதல் மற்ற லீகிலும் அதே விதி வந்துவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே பெரிய மட்டைக்காரரான பேப் ரூத், பாஸ்டன் நகரத்துக் கட்சிக்குப் பந்து எறிகிறவராக வந்து சேர்ந்தவர்தான். எறிந்து ஜெயித்த ஆட்டங்கள் 94. பிறகு அடித்த 'ஹோம் ரன்'கள் 714. எறிகிறவனிடமிருந்து மட்டையை முதலிலேயே பிடுங்கியிருந்தால் இந்த இரண்டாவது எண் கிடைத்திருக்குமா?

ஆகையால் கேள்வி அவ்வளவு எளிதாகத் தீருகிறதாக இல்லை. மறுநாள் காலை பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டு காத்திருந்தார்.

"ராத்திரி பூரா தூக்கம் இல்லை, சார்" என்றார். "அந்தப் பயல் கேட்டதுக்குப் பதில் தேடிக்கிட்டிருந்தேன். இந்த வரியைப் பாருங்க."

பார்த்தேன். எம். ஜே. கோபாலன் என்ற பெயருக்கு நேரே இருந்த எண்கள் இவை: டெஸ்ட் 1. இன்னிங்ஸ் 2. நாட் அவுட் 1. மொத்த ரன் 18. அதிகபட்சம் 11 நாட் அவுட். சராசரி 18. விக்கெட் 1, அதற்குக் கொடுத்த ரன் 39. காட்ச் 3.

அவ்வளவுதான். ஒரு மனிதருடைய டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் ஒரு தபால் கார்டின் ஓரத்தில் எழுதிவிடக் கூடிய அளவுக்குள் அடங்கிவிட்டது.

இந்தச் சராசரி என்பது ஒரு பொல்லாத வஸ்து. இரண்டு முறை ஆடினார். ஒருமுறை 7, ஒருமுறை 11. ஆனால் 11 எடுத்தபோது கடைசி வரையில் அவுட் ஆகவில்லை. ஆகையால் இரண்டையும் கூட்டி ஒன்றால்தான் வகுக்க வேண்டும். வந்தது பதினெட்டு. தம் வாழ்நாளில் எந்த டெஸ்ட் இன்னிங்ஸிலும் அடிக்காத ஓர் எண்ணிக்கை அவருடைய சராசரியாகிவிட்டது! மேற்கிந்தியத் தீவுகளில் ஆண்டி காண்டோம் என்று ஒருவர் இருந்தார். 1948-ல் ஒரே ஒரு டெஸ்ட் ஆடி, ஒரே ஒரு இன்னிங்ஸில் 112 ரன் அடித்தார். பிறகு அவரை டெஸ்டுக்குக் கூப்பிடவே இல்லை. அவர் சராசரி 112. உலக மகா மன்னர் பிராட்மனுடைய சராசரியோ 99.94 தான். கணக்கை நம்பினால் காண்டோம் பிராட்மனைவிடப் பெரியவர் என்றாகிவிடும். கணக்கை நம்பாமலும் இருக்க முடியாது. அதை மட்டும் நம்பினாலும் நாசம்.

கோபாலன் 1909-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி செங்கற்பட்டுச் சீமையில் மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்துவிட்டது. திருவல்லிக்கேணிப் பையனுக்குச் சேப்பாக்கம் மைதானம் கொல்லைப்புறம் மாதிரி. அந்தக் காலத்துச் சென்னைக் கிரிக்கெட்டின் பெரிய கை ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடக்கும் மாகாணப் பந்தயத்தில் அவர் எதிர்க் கட்சியில் ஆடுகிறவர். எதிர்க் கட்சிக்காரராயிருந்தும் இந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு வேலையும் கிடைத்தது. வேலை கிடைத்தால்தானே சாமானியன் வீட்டுப் பிள்ளை தொடர்ந்து ஆட முடியும்?

கோபாலன் வேகமாகப் பந்து வீசினார். கீழ் வரிசையில் வந்து பலமாக அடிக்கவும் செய்தார். கிரிக்கெட் இல்லாத நேரத்தில் ஹாக்கி ஆடினார். அது பொழுதுபோக்கு ஹாக்கியல்ல. மாகாணத்துக்கும் தேசத்துக்கும் ஆடுகிற ஹாக்கி.

1934 ஜனவரி 5-ம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் முதன்முதலாக டெஸ்ட் பந்தயம் நடந்தது. எதிரே ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து. நம் காப்டன் சி. கே. நாயுடு. அன்று புதிதாக இந்தியத் தொப்பி அணிந்தவர்களில் முஷ்டாக் அலியும் ஒருவர், கோபாலனும் ஒருவர். இங்கிலாந்து 403 ரன் குவித்தது. நாம் 247-க்குச் சுருண்டு, உடனே மறுபடியும் ஆட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை 237 எடுத்துத் தோல்வியிலிருந்து தப்பினோம். இப்படித் தப்பிப் பிழைக்கிற ஆட்டத்தில் கீழ் வரிசைக்காரன் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற காரியம். கோபாலனுடைய 18 ரன்னை நான் அந்தக் கண்ணுடன்தான் பார்க்கிறேன்.

அடுத்த டெஸ்ட் எங்கே நடந்தது தெரியுமா? சேப்பாக்கத்தில்! 1934 பிப்ரவரி 10-ம் தேதி. சென்னை நகரத்தில் நடந்த முதல் டெஸ்ட் அது. திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனால் ஆடிய பதினோரு பேரில் கோபாலன் இல்லை. ஊரே திரண்டு வந்த அந்தக் கல்யாணத்தில் வீட்டுப் பிள்ளைக்கு இலை போடவில்லை. இங்கிலாந்து 202 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போயிற்று.

ஒன்பது மாதம் கழித்து அதே மைதானத்தில் கோபாலனுக்கு வேறொரு பாக்கியம் கிடைத்தது. ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்கள் அந்த ஆண்டுதான் ஆரம்பம். முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ம் தேதி, சென்னைக்கும் மைசூருக்கும், சேப்பாக்கத்தில். அந்தப் பந்தயத்தின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். இன்றுவரை ரஞ்சிக் கோப்பையில் விழுந்த இத்தனை லட்சம் பந்துகளுக்கும் அதுதான் தாய்ப் பந்து. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48-ம் 59-ம் எடுத்தது, சென்னை 130. ராம் சிங் மட்டும் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

1935-ல் கோபாலன் இந்திய ஹாக்கிக் கோஷ்டியுடன் கப்பலேறி நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார். உடன் ஆடியவர் தியான் சந்த். 48 ஆட்டங்களில் ஐந்நூறுக்கு மேல் கோல்கள். அவற்றில் இருநூறு தியான் சந்த் ஒருவருடையவை. அந்த ஹாக்கியைப் பந்தயம் என்பதைவிட திக்விஜயம் என்பதே பொருந்தும்.

இப்படியாக 1936 வந்தது. அந்த ஆண்டுக் கோடையில் இரண்டு கப்பல்கள் காத்திருந்தன. ஒன்று கிரிக்கெட் கோஷ்டியுடன் இங்கிலாந்துக்கு. மற்றொன்று ஹாக்கிக் கோஷ்டியுடன் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு. இரண்டிலும் ஒருவர் ஏற முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

தாம்பரத்திலிருந்து பட்டணத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கொஞ்சம் புரியும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ல் வந்தது. அதே பாதையில் இன்று எழும்பூரில் இறங்கினால் ஹாக்கி மைதானம். எழும்பூரில் இறங்காமல் அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கி வண்டி மாறினால் சேப்பாக்கம். எழும்பூரில் வண்டி நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குள் இறங்குவதா, உட்கார்ந்திருப்பதா என்று முடிவு செய்துவிட வேண்டும். நமக்காவது திரும்பி வர அடுத்த வண்டி உண்டு. கப்பலுக்கு அது கிடையாது.

இங்கிலாந்து போன கிரிக்கெட் கோஷ்டிக்கு விஜயநகரம் மகாராஜகுமார் காப்டன். ஆட்டத்தில் அவருக்கு இருந்த கியாதி சொற்பம். செல்வமும் செல்வாக்கும் ஏராளம். மட்டை யாருடையதோ அவன்தான் காப்டன் என்ற எங்கள் காலி மனைச் சட்டத்தை நினைவில் வைத்துக் கொள்ளச் சொன்னேன் அல்லவா? லண்டன் லார்ட்ஸிலும் அதே சட்டந்தான். அமர்நாத் என்ற அருமையான ஆட்டக்காரரை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோஷ்டிக்குள்ளே இரண்டு கட்சி. மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோல்வி, ஒன்று முடிவில்லாமல் போயிற்று. மான்செஸ்டரில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்ததுதான் ஆறுதல்.

அந்தக் கப்பலில் சென்னையிலிருந்து போன இன்னொரு 'இரட்டையர்' சி. ராமஸ்வாமி. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர். நாற்பதாவது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-ம் 60-ம் அடித்தார். இரண்டு டெஸ்டில் 170 ரன். சராசரி 56-க்கு மேல். அதிர்ஷ்டம் என்பது இப்படித்தான். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் போன இரண்டு பேரில் ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை. மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் கோபாலன் பெயர் பதினோரு பேரில் வரவில்லை.

இனி நான் சொல்லப் போவதை நாவலில் எழுதியிருந்தால், 'இது கொஞ்சம் அதிகம், ஐயா' என்று வாசகர்களே கண்டித்திருப்பார்கள். மூன்றாவது டெஸ்ட் ஓவலில் 1936 ஆகஸ்ட் 15-ம் தேதி, சனிக்கிழமை, ஆரம்பமாயிற்று. பெர்லினில் ஹாக்கி இறுதிப் பந்தயம் 14-ம் தேதி நடந்திருக்க வேண்டும். மழை வந்து ஒரு நாள் தள்ளிப் போட்டது. ஆகவே அதுவும் ஆகஸ்ட் 15-ம் தேதியே நடந்தது. ஓவலில் நம்முடைய பந்து வீச்சை ஹாமண்டும் வொர்திங்டனும் நையப் புடைத்துக் கொண்டிருந்தார்கள். ஹாமண்ட் எடுத்தது 217. பெர்லினில் தியான் சந்த் கோஷ்டி ஜெர்மனியை 8-க்கு 1 என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கிற்று. அந்த ஒரு நாளில் கோபாலன் ஓவலில் ஆடவும் இல்லை. பெர்லினில் இருக்கவும் இல்லை.

பெரியவர் புத்தகத்தை மூடினார். "தப்புக் கணக்கு சார். ஹாக்கிக்குப் போயிருந்தா கழுத்துல தங்கம். கிரிக்கெட்டுக்குப் போயி என்ன கிடைச்சுது? ஒரு டெஸ்ட் ஒரு டெஸ்டாவே நின்னுபோச்சு" என்றார்.

கோபாலனைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இப்படித்தான் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை.

"சார், நீங்க ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதியிலிருந்து திரும்பிப் பார்த்துக் கணக்குப் போடறீங்க. அவர் ஏப்ரல் மாசத்துல நின்னுக்கிட்டு முடிவு பண்ணணும், இல்லையா?" என்றேன்.

அந்த நிலையிலிருந்து பார்ப்போம். ஹாக்கியில் இந்தியா 1928-ல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932-ல் லாஸ் ஏஞ்ஜலிஸிலும் தங்கம் வாங்கிவிட்டது. அங்கே ஜெயிப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. கிரிக்கெட்டிலோ 1932-ல்தான் முதல் டெஸ்ட். 1936 வரையில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஒருவருக்கு வயது இருபத்தாறு. ஒரு டெஸ்ட் ஆடியாகிவிட்டது. சொந்த ஊர் டெஸ்டில் ஒதுக்கப்பட்டாகிவிட்டது. கணக்கில் 18 ரன்னும் ஒரு விக்கெட்டும் எழுதியிருக்கின்றன. மீதியெல்லாம் வெறும் தாள். அந்தத் தாளை நிரப்ப ஒரு சந்தர்ப்பம் வருகிறது. போகாமல் இருக்க முடியுமா? அவர் மனத்தில் என்ன ஓடிற்று என்று நான் எழுதினால் அது நாவலாகிவிடும். ஆனால் அவர் நின்ற இடத்தில் நாம் நின்று பார்க்கத் தடையில்லை. நிச்சயமான பதக்கத்தைக் காட்டிலும் முடியாத கணக்கு சில பேரை அதிகமாக இழுக்கும். எங்கள் தெருப் பையன் இரண்டு விக்கெட் எடுத்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே? போகவில்லை. அவனுக்கும் ஒரு வரி காலியாக இருந்தது.

டெஸ்ட் கணக்கு அத்துடன் நின்றதே தவிர, கோபாலன் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சென்னைக்கு ஆடினார். முதல்தரப் பந்தயங்களில் அவருடைய மொத்தக் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. ரன்கள் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. விக்கெட்டுகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு வேடிக்கை. மட்டைச் சராசரியும் இருபத்து நாலைத் தாண்டி. பந்து வீச்சுச் சராசரியும் இருபத்து நாலைத் தாண்டி. ஒரு விக்கெட்டுக்கு அவர் எவ்வளவு கொடுத்தாரோ, தம்முடைய விக்கெட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவே வாங்கிக் கொண்டிருக்கிறார். கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், வரவும் செலவும் இப்படி நேருக்கு நேர் நிற்பது எத்தனை அபூர்வம் என்று.

அவர் பெயரால் ஒரு கோப்பையும் ஏற்பட்டது. 1952-53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த பந்தயங்களுக்குக் கோபாலன் கோப்பை என்று பெயர். அந்த நாளில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. கடலுக்கு இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களும் அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்களும் ஒருவரையொருவர் பரீட்சை செய்து கொண்டது அந்தக் கோப்பைக்காகத்தான். 1982 செப்டம்பரில் இலங்கை இந்தியாவுடன் முதல் டெஸ்ட் ஆட வந்தபோது, அது நடந்த இடம் சேப்பாக்கம்.

சேப்பாக்கம் இன்னொரு காரியமும் செய்தது. 1934 பிப்ரவரி 10-ம் தேதி கோபாலன் இல்லாமல் முதல் டெஸ்ட் ஆரம்பித்த அதே மைதானத்தில், சரியாகப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1952 பிப்ரவரி 10-ம் தேதி, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. எதிரி அதே இங்கிலாந்து. அந்த வெற்றி எவ்வளவோ பேருடைய சின்னச் சின்னக் கணக்குகளின் கூட்டுத் தொகை. அதில் ஒரு பதினெட்டு ரன்னும் சேர்ந்திருக்கிறது என்று நினைப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு இந்தச் சேப்பாக்கமே பந்து வீசுகிறவர்களின் இரண்டாவது வரியைப் படிக்க ஊருக்குக் கற்றுக் கொடுத்தது. தாம்பரத்திலிருந்து நம் ரயிலில் போனால் வழியில் மாம்பலம் வரும். மேற்கு மாம்பலத்துப் பிள்ளை அசுவின், தெற்கே களவாக்கத்தில் என்ஜினீயரிங் படித்தவர். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்து, மட்டையால் 106 ரன்னும் அடித்தார். 2024 செப்டம்பரில் வங்காள தேசத்துக்கு எதிராக அதே மைதானத்தில் 113 ரன், 6 விக்கெட். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றபோது கணக்கு: 106 டெஸ்ட், 537 விக்கெட், 3503 ரன், ஆறு சதம். இரண்டு வரிகளையும் யாரும் தாண்டிப் படிக்க முடியாது.

கோபாலன் 2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் காலமானார். உயிருடனிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகிலேயே வயதில் மூத்தவர் அப்போது அவர்தான். ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவருக்கு அந்த ஸ்தானம் கிடைத்தது. தேர்வுக் கமிட்டி கொடுக்காத நீண்ட இன்னிங்ஸை ஆயுள் கொடுத்தது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ அந்த வரியை எதுக்கு எழுதி வெச்சாங்கன்னு பயல் கேட்டானே, அதுக்கு என்ன பதில்?" என்றார்.

"அவரும் மட்டையோட உள்ளே போனார்னு சாட்சி சொல்றதுக்கு" என்றேன். "எத்தனை அடிச்சார்ங்கறது அப்புறம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கைத்தடியுடன் காலி மனைக்குள் இறங்கினார். மட்டைக்காரப் பையனிடம் ஏதோ ரகசியம் பேசினார். ஒரு ஐஸ்கிரீம் விஷயமும் அந்தப் பேச்சில் அடிபட்டதாகக் கேள்வி. முடிவில், நேற்று அதிகமாகப் பந்து போட்டவன் இன்று முதலில் மட்டை பிடிப்பான் என்று புதுச் சட்டம் பிறந்தது.

ஒல்லிப் பையன் மட்டையைப் பிடித்துக் கொண்டு நின்றான். முதல் பந்து படவில்லை. இரண்டாவது பந்தைத் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடினான். மூன்றாவது பந்தில் செங்கல் சரிந்தது. அவன் முகத்தில் துளி வருத்தம் இல்லை. மட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு நேரே திண்ணைக்கு ஓடி வந்தான்.

"ரெண்டு ரன், தாத்தா. எழுதிக்கிட்டீங்களா?" என்றான்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.